கொவல்ஸ்கி: ஒரு போலந்துக் குடும்பப்பெயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிறவர்கள், அங்குள்ள நிறுவனங்களோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டுகிறவர்கள், போலந்துக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்கள், இறை இரக்க பக்தி வழியாக இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் எளியவை, பிறகு சிக்கலானவை. முன்பே சொன்ன பதில் பின்னாலும் தேவைப்பட்டால் அதைச் சுட்டிக்காட்டுவதோடு சரி.

கொவல்ஸ்கி என்றால் என்ன அர்த்தம்?

போலிஷ் மொழியில் 'கொவல்' என்றால் இரும்படிக்கும் கொல்லர். அதோடு 'ஸ்கி' விகுதி சேர்ந்தால் 'கொல்லருக்குரிய', 'கொல்லர் சார்ந்த' என்ற பெயரடை. பேச்சு வழக்கிலும் அது சாதாரணச் சொல்தான்: 'ம்வொத் கொவல்ஸ்கி' என்றால் கொல்லன் சம்மட்டி, 'மியெஹ் கொவல்ஸ்கி' என்றால் கொல்லன் துருத்தி.

வேர், இரும்பைக் காய்ச்சி அடிப்பதைக் குறிக்கும் பழைய ஸ்லாவிய வினைச்சொல். கொல்லுப்பட்டறைக்குக் 'குஷ்னியா', பட்டடைக்குக் 'கொவாத்வோ', குதிரை லாடத்துக்குப் 'பொத்கொவா' என்று அதே வேர் பல இடங்களில் தலைகாட்டும். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பெயரின் பொருள் 'கொல்லர்' அல்ல, 'கொல்லருக்குரிய' என்பது. பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எப்படி உச்சரிப்பது? கோவால்ஸ்கியா, கவுல்ஸ்கியா?

கொ-வல்-ஸ்கி. போலிஷில் நெடில் குறில் வேறுபாடு கிடையாது, எல்லா உயிரும் குறுகியே ஒலிக்கும். அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும், அதாவது 'வல்' மேல். அழுத்தத்தை நெடிலாகக் கேட்பதால்தான் தமிழ்ப் பத்திரிகைகளில் 'கோவால்ஸ்கி' என்று வந்துவிடுகிறது. தப்பென்று சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலப் பழக்கத்தில் நடுவிலிருக்கும் எழுத்தை 'வ்' இல்லாமல் உதடு குவித்து 'கவுல்ஸ்கி' என்று சொன்னால் பெயருக்குரியவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

இது அவருடைய அப்பா பெயரா? நம் இனிஷியல் மாதிரியா?

இல்லை. போலந்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டுதான் அடிப்படை. சிலருக்கு இரண்டாவது முதற்பெயர் ஒன்று உண்டு. ரஷ்யர்களைப் போலத் தந்தை பெயரை நடுவில் சேர்க்கும் வழக்கமும் இல்லை. கொவல்ஸ்கி என்பது தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் பெயர். படிவத்தில் 'இமியெ' என்ற கட்டத்தில் முதற்பெயர், 'நஸ்விஸ்கோ' என்ற கட்டத்தில் குடும்பப்பெயர். கொவல்ஸ்கி இரண்டாவதில் போகும்.

சாதிப்பெயர் போலத் தோன்றலாம். அப்படியும் இல்லை. இந்தப் பெயருக்குள்தான் பெண் கொடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்றோ, கூடாது என்றோ எந்த முறையும் கிடையாது.

அப்படியானால் கொவல்ஸ்கிகளின் மூதாதை எல்லாரும் கொல்லர்கள்தானே?

அப்படி முடிவு கட்ட முடியாது. ஒரே பெயருக்கு வந்து சேரும் வழிகள் குறைந்தது நான்கு உண்டு.

முதல் வழி, ஊர். 'ஸ்கி' முதன்மையாக ஊர்ப்பெயரோடு ஒட்டிய விகுதி. 'இன்ன ஊர் யான்' (யான் என்பது போலந்தில் பரவலான ஆண் முதற்பெயர்) என்று எழுதிவந்ததை 14, 15ஆம் நூற்றாண்டுகளில் சுருக்கி 'ஸ்கி' சேர்த்தார்கள். தர்னூவ் ஊரின் யான், 'தர்னொவ்ஸ்கி' ஆனார். குயாவிப் பகுதியில் 'கொவல்' என்றே ஒரு சிறுநகரம் இருக்கிறது. போலந்து மன்னர் மூன்றாம் காசிமிர் 1310 ஏப்ரல் 30 அன்று பிறந்த ஊர் அது. அந்த ஊர்க்காரர் கொவல்ஸ்கி ஆக, இரும்பைத் தொட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 'கொவாலெ' என்ற பெயரில் போலந்து முழுக்கப் பல சிற்றூர்களும் உண்டு. போலந்தை முதலில் ஆண்ட பியாஸ்ட் வம்ச காலத்தில், ஒரு குறிப்பிட்ட பொருளைச் செய்து ஆட்சியாளருக்குக் கொடுக்க வேண்டிய கடமையோடு ஊர்கள் ஒதுக்கப்பட்டன. கேடயம் செய்தவர்கள் ஊர் 'ஷ்சித்னிகி', ரொட்டி சுட்டவர்கள் ஊர் 'பியெகாரி', அம்புமுனை செய்தவர்கள் ஊர் 'க்ரொத்னிகி', செருப்புத் தைத்தவர்கள் ஊர் 'ஷெஃப்த்ஸெ'. 'கொவாலெ' இந்த வரிசையைச் சேர்ந்தது. ஆக, ஊர்ப்பெயருக்குப் பின்னால் கொல்லர்கள் உண்டு. ஆனால் பல நூற்றாண்டு கழித்து அந்த ஊரிலிருந்து கிளம்பியவர் யாராக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

இரண்டாவது, நேரடித் தொழில்: கொல்லருடைய மகன், மருமகன், பட்டறையாள் ஆகியோர் 'கொல்லருக்குரியவர்' ஆனார்கள். மூன்றாவது, மெருகேற்றம்: கொவல், கொவலிக், கொவல்ச்சிக் என்றிருந்த குடும்பம் பிறகு 'ஸ்கி' சேர்த்துக்கொண்டது. நான்காவது, மாற்றம்: வேறு மொழிப் பெயரை மொழிபெயர்த்தோ, புதிதாகத் தேர்ந்தோ எடுத்துக்கொண்டது. இந்த நான்கில் எது உங்கள் கொவல்ஸ்கியுடையது என்பதைப் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆவணம்தான் சொல்லும்.

குயவர், தச்சர், மாவு அரைப்பவர் எல்லாரும் இருந்தார்களே, கொல்லர் பெயர் மட்டும் ஏன் இவ்வளவு பரவியது?

ஊருக்கு ஒரு கொல்லர் போதும். ஆனால் அந்த ஒருவர் இல்லாமல் ஊர் நகராது. லாடம் கட்ட, கொழுமுனை தட்ட, வண்டிச்சக்கரத்துக்குப் பட்டை போட, அரிவாள், ஆணி, கீல் அடிக்க எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். ஊரில் நான்கு யான் இருந்தால் அவர்களில் ஒருவரை மட்டும் 'கொல்லர் யான்' என்று சொன்னால் குழப்பம் தீர்ந்தது. ஊரெல்லாம் உழவர்களாக இருக்கும்போது 'உழவர் யான்' என்று சொல்லி யாரையும் பிரித்துக் காட்ட முடியாது. அடையாளப் பெயருக்கு வேண்டியது ஊரில் அபூர்வமாகவும், எல்லா ஊரிலும் ஒன்றாகவும் இருக்கும் தொழில். கொல்லர் அதற்குக் கச்சிதம்.

'ஸ்கி' என்று முடிந்தால் பிரபு வம்சம் என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. நிலம் வைத்திருந்தவர்தான் ஊர்ப்பெயரைத் தன் பெயரில் சூடினார். எனவே 'ஸ்கி' என்றால் 'ஷ்லாஹ்தா' என்னும் நிலப்பிரபு வகுப்பு என்ற எண்ணம் படிந்தது. அந்த மதிப்பே விகுதியைப் பரப்பிவிட்டது. நகரவாசிகளும் பிறகு விவசாயிகளும் அதையே எடுத்துக்கொண்டார்கள். பாதிரியார்களும் எழுத்தர்களும் தாங்களாகவே சேர்த்து எழுதியதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுக்குள் 'ஸ்கி' என்பது போலந்துக் குடும்பப்பெயரின் வழக்கமான தோற்றமாகிவிட்டது. பண்ணையடிமை விவசாயிகளின் பிள்ளைகளும் கொவல்ஸ்கிகளே.

பிரபுக் குடும்பத்துக் கொவல்ஸ்கிகளும் இருந்தார்கள். ஒன்றல்ல, தனித்தனியாகப் பல குடும்பங்கள், தனித்தனி மரபுச்சின்னங்களோடு. மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டச் சிலர் சின்னத்தின் பெயரையும் முன்னால் போட்டுக்கொண்டார்கள். பனியில் ஓநாய்களை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ஆல்ஃப்ரெட் வியெருஷ்-கொவல்ஸ்கி (1849–1915) அதற்கு நல்ல உதாரணம். 'வியெருஷ்' என்பது வியெருஷொவா என்ற சின்னத்தைக் குறிக்கிறது. 1921 மார்ச் மாத அரசியலமைப்பு, பிறப்பு வழிப் பட்டங்களையும் மரபுச்சின்னங்களையும் குடியரசு அங்கீகரிக்காது என்று அறிவித்துவிட்டது. ஆகவே இன்று இந்தப் பெயருக்குச் சட்டப்படி எந்த உயர்வும் இல்லை.

கொவல்ஸ்கி குடும்பச் சின்னம் என்று கோப்பையிலும் சட்டகத்திலும் விற்கிறார்களே, வாங்கலாமா?

சுவரில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். போலந்தில் சின்னம் பெயருக்கு உரியதல்ல, குறிப்பிட்ட வம்சாவளிக்கு உரியது. ஒரே பெயரில் பல சின்னங்கள் இருந்ததைப் போலவே, ஒரே சின்னத்தைத் தொடர்பில்லாத பல பெயர்க்காரர்களும் பகிர்ந்துகொண்டார்கள். பெயரை மட்டும் கேட்டுவிட்டுச் சின்னம் அச்சடித்துத் தருகிறவர், பட்டியலில் முதலில் கிடைத்த கொவல்ஸ்கியின் சின்னத்தைத் தருகிறார்.

எங்கள் அலுவலகத்தில் கொவல்ஸ்கி, கொவல்ச்சிக், கொவலெவ்ஸ்கி, கொவலிக் என நால்வர் இருக்கிறார்கள். எல்லாரும் பங்காளிகளா?

வேர் ஒன்று, குடும்பம் ஒன்றல்ல. 'கொவல்ச்சிக்' என்பது சின்னக் கொல்லர்: கொல்லர் மகன் அல்லது பட்டறையில் வேலை பழகும் பையன். வான்கூவர் 2010, சோச்சி 2014 குளிர்கால ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற பனிச்சறுக்கு வீராங்கனை யுஸ்தினா கொவல்ச்சிக்கின் பெயர் இதுதான். 'கொவலிக்' சிறுமைப் பொருள் தரும் வடிவம். ஆனால் அதே சொல் மரத்தில் தலைகீழாக இறங்கும் ஒரு சின்னஞ்சிறு பறவைக்கும் பெயர் என்பதால், சில குடும்பங்களுக்கு அது பறவை வழிப் பட்டப்பெயராகவும் இருந்திருக்கலாம். 'கொவலெவ்ஸ்கி' பெரும்பாலும் கொவலெவோ போன்ற ஊர்ப்பெயரிலிருந்து வருகிறது. கிழக்கே போகப் போக 'கொவல்ச்சுக்' என்ற உக்ரைனிய வாடை வடிவம் கூடும்.

எழுதும்போது கொவல்ஸ்கியும் கொவலெவ்ஸ்கியும் கைமாறுவது சாதாரணம். சம்பளக் கோப்பில் ஒரு 'எவ்' விடுபட்டால் ஆளே மாறிவிடுவார். அலுவலகப் பட்டியலைச் சரிபார்க்கையில் பெயரை நம்பாமல் பெசெல் எண்ணை ஒப்பிடுங்கள். போலந்தில் ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள 11 இலக்க அடையாள எண் அது.

கணவர் கொவல்ஸ்கி, மனைவி கொவல்ஸ்கா என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் எழுத்துப்பிழையா?

பிழையே இல்லை. முதல் பதிலில் சொன்னபடி இது பெயரடை. போலிஷ் பெயரடை பால் காட்டும். ஆண் கொவல்ஸ்கி, பெண் கொவல்ஸ்கா. மனைவிக்கும் மகளுக்கும் ஒரே வடிவம். தம்பதியாகவோ குடும்பமாகவோ சொல்லும்போது 'கொவல்ஸ்த்ஸி', பெண்கள் மட்டும் என்றால் 'கொவல்ஸ்கியெ'.

இது பெயரடை வடிவப் பெயர்களுக்கு மட்டும். நொவக், கொவல்ச்சிக் போன்றவை பெயர்ச்சொற்கள் என்பதால் இன்று இருபாலருக்கும் அப்படியே நிற்கும். முன்பு அவற்றில் மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று இருந்தது: கொவல் மனைவி 'கொவலொவா', கொவல் மகள் 'கொவலூவ்னா'. பழைய பதிவேடுகளில் இவை கண்ணில் படும்போது புதிய குடும்பம் என்று எண்ணிவிடாதீர்கள்.

'கொவல்ஸ்கியெகோ' என்று ஒரு கடிதத்தில் வந்தது. வேறு ஆளா?

அதே ஆள்தான். வேற்றுமை உருபு ஏறியிருக்கிறது, நாம் 'முருகனை', 'முருகனுக்கு' என்பதைப் போல. ஆணுக்கு: கொவல்ஸ்கியின், கொவல்ஸ்கியை என்ற இரண்டுக்கும் 'கொவல்ஸ்கியெகோ', கொவல்ஸ்கிக்கு 'கொவல்ஸ்கியெமு', கொவல்ஸ்கியோடு 'கொவல்ஸ்கிம்'. பெண்ணுக்கு: கொவல்ஸ்காவின், கொவல்ஸ்காவுக்கு இரண்டுக்கும் 'கொவல்ஸ்கியெய்', கொவல்ஸ்காவை, கொவல்ஸ்காவோடு இரண்டுக்கும் 'கொவல்ஸ்கோ' (கடைசி உயிர் மூக்கொலி). பன்மையில் 'கொவல்ஸ்கிஹ்'.

இதில் இரண்டு விஷயம் கையைக் கடிக்கும். கோப்பில் தேடும்போது முழுப்பெயரைத் தட்டினால் பாதி இடங்கள் விடுபடும். 'கொவல்ஸ்' வரைக்கும் மட்டும் தட்டித் தேடினால் எல்லா வடிவமும் சிக்கும். அடுத்தது, சான்றிதழ் வாசகத்திலிருந்து பெயரை அப்படியே வெட்டி விசாப் படிவத்தில் ஒட்டுவது. 'இவருக்கு வழங்கப்படுகிறது' என்ற வாக்கியத்தில் பெயர் உருபேறித்தான் இருக்கும். படிவத்தில் எப்போதும் எழுவாய் வடிவமே போக வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.

நேரில் 'மிஸ்டர் கொவல்ஸ்கி' என்று போலிஷில் கூப்பிடலாமா?

'பான் கொவல்ஸ்கி' என்று மூன்றாமவரிடம் அவரைப் பற்றிச் சொல்லலாம். நேரடியாக 'பானியெ கொவல்ஸ்கி' என்று விளித்தால் அதட்டுவது போலக் கேட்கும். ஆங்கில மரியாதையை அப்படியே எடுத்துப் போகிறவர்கள் விழும் குழி இது. ஆணிடம் 'ப்ரொஷெ பானா', பெண்ணிடம் 'ப்ரொஷெ பானி' என்று பெயரே இல்லாமல் தொடங்குவது பாதுகாப்பானது. கொஞ்சம் பழகியவர் என்றால் 'பானியெ யானியெ' என்று பானோடு முதற்பெயர் சேர்க்கலாம். கடிதத்தில் 'ஷனொவ்னி பானியெ' போட்டு, பெயரில்லாமல் விட்டுவிடுவதே முறை.

போலந்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் பெயர் இதுதானா?

இல்லை, இரண்டாவது. முதலிடம் நொவக்: 2 லட்சத்துக்கும் மேல். ஊருக்குப் புதிதாக வந்தவன் என்பது அதன் பொருள். கொவல்ஸ்கியும் கொவல்ஸ்காவும் சேர்த்து 1,30,000-க்கு மேல். மூன்றாவது இடத்தில் விஷ்னியெவ்ஸ்கி.

பெசெல் பதிவேட்டிலிருந்து ஆண்டுதோறும் வெளியாகும் அரசுப் பட்டியல் ஆண், பெண் என்று தனித்தனியாக இருக்கும். இரண்டு பட்டியலிலும் வரிசை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒரே பட்டியலைப் பார்த்துவிட்டு 'போலந்தில் இத்தனை கொவல்ஸ்கி' என்று எழுதுபவர்கள் பாதிக் குடும்பத்தை விட்டுவிடுகிறார்கள்.

பிறகு ஏன் மாதிரிப் படிவங்களில் எல்லாம் 'யான் கொவல்ஸ்கி'?

நம்மூரில் குப்பன், சுப்பன் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் கொவல்ஸ்கி என்பார்கள். வங்கி அட்டை விளம்பரம், வரிப்படிவ விளக்கம் எல்லாவற்றிலும் யான் கொவல்ஸ்கி கையெழுத்திட்டிருப்பார். பத்திரிகைகளில் 'சராசரிக் கொவல்ஸ்கி' என்றால் சாமானியக் குடிமகன். மின்கட்டணம் ஏறினால் கொவல்ஸ்கிக்கு எவ்வளவு இடிக்கும் என்று தலைப்பு போடுவார்கள்.

எண்ணிக்கையில் முந்தும் நொவக்குக்கு இந்த இடம் கிடைக்காததற்குப் பெயரின் தோற்றம் காரணமாகத் தெரிகிறது. நொவாக் என்றால் செக்குக்காரராகவும் இருக்கலாம், ஸ்லொவேனியராகவும் இருக்கலாம். 'ஸ்கி' போட்ட கொல்லரைப் பார்த்ததும் போலந்து என்று தெரிந்துவிடும்.

புனித ஃபவுஸ்தினாவும் கொவல்ஸ்காதானே? அவர் கொல்லர் குடும்பமா?

தமிழ்க் கத்தோலிக்கர்கள் பலருக்கு இந்தப் பெயர் முதலில் அறிமுகமாவது இவர் வழியாகத்தான். இறை இரக்க பக்திக்கு வித்திட்ட போலந்துக் கன்னியாஸ்திரி இவர். இயற்பெயர் ஹெலெனா கொவல்ஸ்கா. 1905 ஆகஸ்ட் 25 அன்று க்வொகொவியெத்ஸ் சிற்றூரில் பத்துப் பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். 1938 அக்டோபர் 5 அன்று கிராகோவில் இறந்தார். 2000 ஏப்ரல் 30 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் புனிதர் பட்டம் அளித்தார். உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு, இறை இரக்க ஞாயிறாக அறிவிக்கப்பட்டதும் அன்றுதான்.

அவருடைய தந்தை ஸ்தனிஸ்வாவ் கொவல்ஸ்கி சிறு விவசாயி, தச்சு வேலையும் செய்தவர். பெயரில் கொல்லர், கையில் உளி. குடும்பப்பெயர் நிலைபெற்ற பிறகு தொழிலும் பெயரும் பிரிந்துவிடும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

கொவல், கொல்லன், கோவலன் எல்லாம் ஒரே வேர் என்று படித்தேன். சரியா?

சரியில்லை. கேட்பதற்குச் சுவையாக இருக்கிறது, பிரித்துப் பார்த்தால் நிற்காது. போலிஷ் கொவலில் வேர் 'கொவ்' மட்டும். 'அல்' என்பது செய்பவரைக் குறிக்கும் விகுதி. அடிப்பதைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் அது. லிதுவேனியனிலும் லத்தீனிலும் அதன் உறவுச் சொற்கள் உண்டு. கொல்லனில் 'ல்' வேரிலேயே இருக்கிறது. ஒன்றில் வேருக்குள் இருப்பது, மற்றொன்றில் விகுதியில் இருக்கிறது.

கோவலனுக்கு இரும்போடு தொடர்பே இல்லை. சங்கப் பாடல்களில் கோவலர் என்றால் ஆநிரை மேய்ப்பவர்.

அப்படியென்றால் உண்மையான உறவுப் பெயர்கள் எவை?

உக்ரைனில் கொவல், கொவலென்கோ, செக்கில் கொவார்ஷ், ஸ்லோவாக்கியாவில் கொவாச், செர்பியாவில் கொவாசெவிச். ரஷ்யாவின் குஸ்னெத்சோவ் தோற்றத்தில் விலகித் தெரிந்தாலும், குஷ்னியா என்ற பட்டறைச் சொல்லுக்கு நெருங்கியது. ஹங்கேரியின் மிகப் பரவலான பெயர்களில் ஒன்றான கோவாச் விசித்திரமானது: ஹங்கேரியன் ஸ்லாவிய மொழியே அல்ல, ஆனால் கொல்லரைக் குறிக்கும் சொல்லை ஸ்லாவியரிடமிருந்து எடுத்துக்கொண்டது. லிதுவேனியாவின் கவலியவுஸ்கஸ், கொவலெவ்ஸ்கியின் உள்ளூர் உருவம்.

ஸ்மித், ஷ்மிட், ஃபெராரி போன்றவை பொருளில் மட்டும் ஒத்தவை. வேர் வேறு.

வெளிநாட்டில் இந்தப் பெயர் ஏன் விதவிதமாக எழுதப்படுகிறது? அமெரிக்காவில் பெண்களும் 'கொவல்ஸ்கி' என்றே இருக்கிறார்களே?

அங்குள்ள பதிவுமுறை பால் வேறுபாட்டைக் கண்டுகொள்ளாது. அப்பா பெயரே மகளுக்கும் என்று எழுதிவிடும். இரண்டாம் தலைமுறைக்குள் 'ஸ்கா' மறைந்துவிடுகிறது. கடைசி எழுத்து மாறுவது, 'கொவல்' என்று வெட்டிக்கொள்வது, ஸ்மித் என்று மொழிபெயர்த்துக்கொள்வது எல்லாம் நடந்தன. கணினி அறிவியல் படித்தவர்களுக்குத் தெரிந்த ராபர்ட் கொவல்ஸ்கி, தர்க்க நிரலாக்கத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர், 1941-இல் அமெரிக்காவில் பிறந்தவர்.

ரஷ்ய எழுத்து வழியாகப் போய்த் திரும்பிய பெயர் இன்னொரு உருவம் எடுக்கும். லிதுவேனியாவில் நெடுங்காலம் உள்ளூர் எழுத்துமுறையில்தான் எழுத முடிந்தது. 2022 மே முதல் அமலான சட்டத்தால் போலிஷ் 'வ்' (w) எழுத்தை ஆவணத்தில் வைத்துக்கொள்ளலாம். யூதக் குடும்பங்களிலும் இந்தப் பெயர் உண்டு. குடும்பப்பெயர் கட்டாயம் என்று ஆஸ்திரியப் பேரரசு 1787-இலும், போலந்து இராச்சியம் 1821-இலும் ஆணையிட்ட பிறகு பலரும் பெயர் தேர்ந்தார்கள். ஆகவே பெயரைப் பார்த்து மதத்தையும் சொல்ல முடியாது.

என் கணவர் வீட்டார் கொவல்ஸ்கி. நான்கு வழிகளில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்னோக்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் போக வேண்டும். 'புகழ்பெற்ற கொவல்ஸ்கி' யாரையாவது பிடித்து அங்கிருந்து கீழே இறங்குவது வீண். முதலில் வீட்டுப் பெரியவரின் பிறந்த ஊர், பங்கு ஆலயம், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு ஆகிய மூன்றும் வேண்டும். ஊர்ப்பெயர் மட்டும் போதாது, கொவாலெ போல ஒரே பெயரில் பல ஊர் இருக்கும். எந்த மாவட்டம் என்று கேளுங்கள். பிறகு குடிப்பதிவு அலுவலகம். பிறப்புப் பதிவு 100 ஆண்டும், திருமணம், இறப்புப் பதிவுகள் 80 ஆண்டும் அங்கே இருக்கும். அதன்பின் அரசு ஆவணக்காப்பகத்துக்குப் போய்விடும். காப்பகப் பதிவேடுகளில் ஏராளமானவை இணையத்தில் இலவசம். தன்னார்வலர்கள் உருவாக்கிய கெனெதெகா அட்டவணையில் பெயரும் பங்கு ஆலயமும் கொடுத்துத் தேடலாம்.

பதிவின் மொழி, போலந்தை ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்த ஊர் எந்த அரசின் கீழிருந்தது என்பதைப் பொறுத்தது. ரஷ்யப் பகுதியில் 1808 முதல் போலிஷில் ஒரே பத்தியாக எழுதுவார்கள், 1868-இலிருந்து ரஷ்யனில். அப்போது பெயரை ரஷ்ய எழுத்தில் எழுதிப் பக்கத்தில் போலிஷிலும் தருவது வழக்கம். தேதியும் இரண்டு இருக்கும், 19ஆம் நூற்றாண்டில் 12 நாள் வித்தியாசத்தோடு. பிந்தைய தேதிதான் இன்றைய நாட்காட்டிப்படி, மற்றது ரஷ்யாவின் பழைய நாட்காட்டி. ஆஸ்திரியப் பகுதியில் லத்தீன், கட்டம் போட்ட ஏடு, வீட்டு எண்ணோடு. அந்த வீட்டு எண் பொக்கிஷம், ஒரே ஊரின் இரண்டு கொவல்ஸ்கிகளைப் பிரிப்பது அதுதான். பிரஷ்யப் பகுதியில் 1874 அக்டோபர் முதல் ஜெர்மன் குடிப்பதிவு.

பெயர் எங்கே 'ஸ்கி' இழக்கிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். தாத்தாவின் தாத்தா 'கொவல்' என்று பதிவாகி, அவர் மகன் 'கொவல்ச்சிக்' ஆகி, பேரன் 'கொவல்ஸ்கி' ஆகியிருந்தால் மூன்றாவது வழி. எல்லாத் தலைமுறையும் கொவல்ஸ்கியாகவே இருந்து, பக்கத்தில் கொவாலெ என்ற ஊர் இருந்தால் முதல் வழிக்கு வாய்ப்பு கூடும். இரண்டு பெயர்களுக்கு நடுவில் 'வெல்' என்ற சொல் இருந்தால் 'என்கிற' என்று பொருள். அந்தப் பதிவுதான் மாற்றம் நடந்த இடம்.

பதிவில் 'யான் கொவல்' என்று இருக்கிறது. பெயரா, தொழிலா?

போலிஷில் பெயர் என்றால் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். ஆனால் பழைய எழுத்தர்கள் அதையெல்லாம் பொருட்படுத்தியதில்லை. இடத்தை வைத்துத் தீர்மானியுங்கள். 1808-க்குப் பிந்தைய பத்திப் பதிவில் முதற்பெயர், குடும்பப்பெயர், தொழில், வயது, வசிப்பிடம் என்ற வரிசை பெரும்பாலும் மாறாது. 'கொவல்' என்பதற்குப் பிறகு வேறு தொழில் வந்தால் அது பெயர். உடனே வயது வந்தால் சந்தேகம்தான், அதே ஆளின் அடுத்த பிள்ளையின் பதிவைப் பாருங்கள். லத்தீன் ஏட்டில் 'ஃபாபெர்' என்று தனியே இருந்தால் கொல்லர் என்று பாய்ந்துவிடாதீர்கள். 'ஃபெர்ராரியுஸ்' சேர்ந்தால் கொல்லர், 'லிக்னாரியுஸ்' சேர்ந்தால் தச்சர்.

இன்னொரு பொறி 'ஸ்' என்ற ஓரெழுத்து முன்னிடைச்சொல். அதன்பின் ஊர் வந்தால் 'இன்ன ஊரிலிருந்து'. பெண் பெயரை அடுத்து 'ஸ் கொவல்ஸ்கிஹ்' என்று வந்தால் பிறந்த வீடு கொவல்ஸ்கி என்று பொருள். இதை ஊர் என்று நினைத்துக்கொண்டு வரைபடத்தில் தேடுகிறவர்கள் நிறைய.

எங்களுக்குப் பெண் குழந்தை. பிறப்புச் சான்றிதழில் கொவல்ஸ்கியா, கொவல்ஸ்காவா?

போலந்தில் பதிவு செய்தால் கேள்வியே எழாது, கொவல்ஸ்கா என்றுதான் எழுதுவார்கள். வெளிநாட்டில் பிறந்தால் கவனம் தேவை. வெளிநாட்டுச் சான்றிதழைப் போலந்துக் குடிப்பதிவில் ஏற்றும்போது உள்ளதை உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயர்த்து எழுதுவதே விதி. அங்கே கொவல்ஸ்கி என்றிருந்தால் இங்கேயும் கொவல்ஸ்கி. அதே விண்ணப்பத்தோடு, எழுத்துமுறையைப் போலிஷ் விதிப்படி மாற்றித்தரக் கேட்கலாம். அதற்கு முன் தூதரகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றுவதென்றால் 2008ஆம் ஆண்டுப் பெயர் மாற்றச் சட்டப்படி தக்க காரணம் காட்டித் தனியாக மனு போட வேண்டிவரும்.

இரண்டு நாட்டு ஆவணத்திலும் பெயர் ஒன்றாக இருப்பது விமான நிலையத்திலும் பள்ளிச் சேர்க்கையிலும் நிம்மதி. எனவே கொவல்ஸ்கா வேண்டும் என்றால் பிறந்த நாட்டுச் சான்றிதழிலேயே அப்படி எழுத முடியுமா என்று மருத்துவமனைப் படிவம் நிரப்பும்போதே கேளுங்கள். சில பதிவாளர்கள் தந்தை பெயரோடு பொருந்தவில்லை என்று மறுப்பார்கள். தந்தையின் தாய் அல்லது சகோதரியின் அடையாள ஆவணத்தையும், வடிவம் ஏன் மாறுகிறது என்று சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர் தரும் ஒரு பக்கக் குறிப்பையும் கையில் வைத்திருங்கள்.